நோயாளிக்குப் படிக்கத் தெரியுமா? எப்படி அளக்கிறார்கள், அளக்கத்தான் வேண்டுமா?

மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. மூட்டுவாதத்துக்கும் சில தோல் நோய்களுக்கும் வாரத்தில் ஒரே ஒரு நாள் போடச் சொல்வார்கள். அதைத் தினமும் போட்டுவிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், இரத்த அணுக்கள் குறைந்துபோகும், உயிருக்கே ஆபத்தாகலாம். பல நாடுகளில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடந்து, மருத்துவ இதழ்களில் எச்சரிக்கையாகப் பதிவாகியிருக்கிறது. சீட்டில் சரியாக எழுதியிருந்தும் நடந்திருக்கிறது.

சீட்டை வாங்கிப் போகிறவருக்கு அதைப் படிக்கத் தெரியுமா, படித்தால் புரியுமா, புரிந்ததை வீட்டில் செய்ய முடியுமா? இந்த மூன்றையும் சேர்த்துச் 'சுகாதார எழுத்தறிவு' என்கிறார்கள். அதை ஆஸ்பத்திரியில் வைத்தே அளந்து பார்க்க 1990களிலிருந்து பல சோதனைகள் வந்துவிட்டன. அவை என்ன, எப்படி நடக்கின்றன, நம் மதுரைப் பக்கத்துக்கு ஒத்துவருமா என்பதை, இதை முதல்முறை கேள்விப்படுகிறவர்களுக்காகச் சொல்லப் பார்க்கிறேன். நான் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன், ஆராய்ச்சிக்காரன் இல்லை. பேச்சு கொஞ்சம் கவுண்டர் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனாவது படித்தீர்கள் என்று கேட்டால் போதாதா?

போதாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர் ஏதாவது ஒரு மொழியைப் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் எழுத்தறிவு உள்ளவர். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் அப்படி; பெண்களில் 73 விழுக்காடு. ஆனால் கணக்கெடுக்க வருபவர் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பவர் 'தெரியும்' என்றால் தெரியும்தான். தேசியக் குடும்பநல ஆய்வு கொஞ்சம் கறார். 2019-21 சுற்றில், ஒன்பதாம் வகுப்பை முடிக்காதவர்களிடம் ஓர் அட்டையைக் கொடுத்து அதிலுள்ள வாக்கியத்தை வாசிக்கச் சொன்னார்கள். முழுதாகவோ பாதியோ வாசித்தால் கணக்கில் சேரும்.

இரண்டிலும் பிடிபடாதவர்கள் நிறைய. நாற்பது வருடத்துக்கு முன்னால் எட்டாவதோடு நின்று, அப்புறம் பஸ் போர்டைத் தவிர எதையும் வாசிக்காதவர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கையெழுத்துப் போடவும் கற்று, பிறகு பழக்கம் விட்டுப்போனவர். டீக்கடையில் தினத்தந்தியை ஒரு வரி விடாமல் வாசிப்பார், மாத்திரை அட்டையில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ் என்பதால் அங்கே கைநாட்டுதான். மதுரைத் திருமலை நாயக்கர் மகால் பக்கம் வீட்டில் சௌராஷ்டிரம் பேசி, பள்ளியில் தமிழ் படித்து, லேப் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் வாங்குகிறவருக்கு மூன்று மொழி. 'படித்தவரா?' என்று கேட்டால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் வராது.

எழுத்தை விடப் பெரிய சிக்கல் எண். 2006-இல் அமெரிக்காவில் டெர்ரி டேவிஸ் என்ற ஆய்வாளரின் குழு மருந்துப் புட்டிகளின் லேபிளைக் காட்டிச் சோதித்தது. 'இரண்டு மாத்திரை, தினம் இரண்டு முறை' என்பது ஒரு லேபிள். குறைந்த எழுத்தறிவு உள்ள நோயாளிகளில் 70.7 விழுக்காட்டினர் அந்த வரியைச் சரியாக வாசித்துவிட்டார்கள். சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணி எடுத்துக் காட்டுங்கள் என்றதும், சரியாகக் காட்டியவர்கள் 34.7 விழுக்காடுதான். வாசித்தவர்களில் பாதிப் பேர் நான்கு என்று வந்து சேரவில்லை! இந்தத் தலைப்பில் ஒரே ஒரு ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. 40-க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால், கோடு சரியாக இருந்தாலும் உள்ளே போவது இரண்டரை மடங்கு. அதே மாதிரி குழந்தைகளுக்கான பாராசிட்டமால். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கே 125 தான். பெரிய பிள்ளைக்குச் சிரப் ஊற்றும் அளவில் கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தை ஊற்றினால் கதை மாறிவிடும். ஓ.ஆர்.எஸ். பொடியிலும் ஒரு லிட்டர் தண்ணீருக்கான பெரிய பாக்கெட்டும் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். பின்னால் பொடியெழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரு சொம்புத் தண்ணீரில் கரைப்பதுதான் வீட்டு வழக்கம்.

பார்த்தால் தெரியாதா?

'இத்தனை வருஷம் நோயாளிகளைப் பார்க்கிறோம், மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவோம்' என்று டாக்டர்களும் சொல்வார்கள், நாங்களும் சொல்வோம். சோதித்துப் பார்த்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சிக்கல் இல்லை என்று டாக்டர்கள் நினைத்தவர்களிலேயே கணிசமானவர்கள் சோதனையில் தடுமாறினார்கள். காரணம் எளிது. படிக்கத் தெரியாததை மறைப்பதில் அவர்களுக்கு வாழ்நாள் பயிற்சி உண்டு.

'கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்.' 'நீங்களே ஒரு தடவை சொல்லிருங்க தம்பி.' 'குடுங்க, மகன் வந்து பாத்துக்குவான்.' 'கை வலிக்குது, நீங்க எழுதிக்கங்க.' கவுண்டரில் நிற்கிற யாரும் இதையெல்லாம் கேட்டிருப்பார்கள். எல்லாமே பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடியை உண்மையிலேயே மறந்து வந்தவரும் அதில் உண்டு. இன்னொரு அடையாளம், மாத்திரையைப் பெயரால் சொல்லாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் சொல்வது: 'அந்த மஞ்ச மாத்திரை', 'பாதியா உடைக்கிற வெள்ள மாத்திரை'. இது கெட்டிக்காரத்தனமான வழிதான், கம்பெனி மாறும் வரைக்கும். அதே மருந்து வேறு கம்பெனியிலிருந்து வேறு நிறத்தில் வந்தால், பழைய அட்டையில் மிச்சமிருப்பதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். பிரஷர் மாத்திரையில் இது நடந்தால் தலைசுற்றி விழ வேண்டியதுதான்.

மறைப்பதற்குப் பின்னால் இருப்பது கூச்சம். அட்லாண்டா நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்றில் 1996-இல் வெளியான ஆய்வு, படிப்பதில் சிரமம் உண்டு என்று ஒப்புக்கொண்டவர்களிடம், இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டது. 67.2 விழுக்காட்டினர் கட்டிய மனைவியிடமோ கணவனிடமோ கூடச் சொன்னதில்லை. அமெரிக்கக் கணக்குதான். ஆனால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, 'படிக்கத் தெரியுமா?' என்று சத்தமாகக் கேட்டால் உசிலம்பட்டியிலிருந்து வந்த பெரியவர் என்ன பதில் சொல்வார் என்று ஊகிக்க ஆய்வு வேண்டாம்.

சரி, சோதனைகள்

முதலில் பேர்போனது 'ரெல்ம்'. மேலே சொன்ன டெர்ரி டேவிஸ் குழு 1991-இல் செய்தது. 1993-இல் அதை 66 சொற்களாகச் சுருக்கினார்கள். ஒரு தாளில் மருத்துவச் சொற்கள் மூன்று பத்தியாக இருக்கும், கொழுப்பு, மாத்திரை, கண் போன்ற எளிய சொற்களில் தொடங்கி வாயில் நுழையாத நோய்ப் பெயர்கள் வரைக்கும். நோயாளி உரக்க வாசிக்க வேண்டும். சரியாக உச்சரித்தால் ஒரு மதிப்பெண். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 18-க்குள் என்றால் மூன்றாம் வகுப்பு அளவு அல்லது அதற்கும் கீழே, 61-ஓ அதற்கு மேலோ என்றால் உயர்நிலைப்பள்ளி அளவு என்று படிகள் வைத்திருக்கிறார்கள்.

இதை அப்படியே தமிழில் போட்டால் என்ன ஆகும்? ஒன்றுக்கும் உதவாது. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. ஒரு சொல்லை முன்பே பார்த்துப் பழகியவர்தான் சரியாக உச்சரிக்க முடியும். அதனால் உச்சரிப்பை வைத்தே வாசிப்புப் பழக்கத்தை ஓரளவு ஊகிக்கலாம். தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'நாளமில்லாச் சுரப்பி'யைக் கணீரென்று வாசித்துவிடும். அது என்னவென்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கிற அப்பாவுக்கும் தெரியாது. ஸ்பானிஷ் மொழிக்கும் இதே சிக்கல் வந்தது. அதனால் 2006-இல் ஸ்பானிஷுக்கென்று 'சால்சா' என்ற சோதனையை வேறு மாதிரி அமைத்தார்கள். 50 சொற்கள், ஒவ்வொன்றையும் வாசித்த பிறகு இரண்டு சொற்களைச் சொல்லி எது இதோடு சேரும் என்று கேட்பார்கள். 'தெரியாது' என்றும் சொல்லலாம். குத்துமதிப்பாக அடித்துவிடுவதைத் தடுக்க அந்த மூன்றாவது வழி. நான் ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன்: அட்டையில் 'இரத்தசோகை'. கேள்வி: இரும்புச்சத்தா, இருமலா, தெரியாதா? தமிழுக்குச் சோதனை செய்ய நினைப்பவர்கள் ரெல்மை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வருவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது 1995-இல் வந்த 'டோஃப்லா'. இது கொஞ்சம் பெரிய பரீட்சை, 22 நிமிடம் வரை ஆகும். வாசிப்புப் பகுதியில் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை, ஒப்புதல் படிவம் போன்ற நிஜமான ஆஸ்பத்திரித் தாள்கள் வரும். ஐந்தாறு சொல்லுக்கு ஒரு சொல்லை எடுத்துவிட்டு நான்கு விடை கொடுத்து நிரப்பச் சொல்வார்கள், மொத்தம் 50 கோடிட்ட இடம். எண் பகுதியில் 17 கேள்வி. மருந்துப் புட்டியைக் கையில் கொடுத்து, 'முதல் மாத்திரையைக் காலை ஏழு மணிக்குப் போட்டால் அடுத்ததை எப்போது போடுவீர்கள்?' என்பது போலக் கேட்பார்கள். பரீட்சை என்ற பெயருக்கு உண்மையாக இருக்கும் சோதனை இதுதான் என்பது என் அபிப்பிராயம். வாழ்க்கையில் செய்ய வேண்டியதையே செய்யச் சொல்கிறது.

அட்லாண்டா, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களின் இரண்டு பொது மருத்துவமனைகளில் 2,659 பேரை இதை வைத்துச் சோதித்த முடிவுகள் அதே 1995-இல் வெளிவந்தன. 'வெறும் வயிற்றில் சாப்பிடவும்' என்ற குறிப்பு 41.6 விழுக்காட்டினருக்குப் புரியவில்லை. அடுத்து எப்போது வர வேண்டும் என்ற சீட்டு 26 விழுக்காட்டினருக்குப் புரியவில்லை. வழக்கமான ஒப்புதல் படிவம் 59.5 விழுக்காட்டினருக்குப் புரியவில்லை. 'வெறும் வயிறு' நம்மிடையே இன்னும் வழுக்கும். காலையில் காபி குடித்துவிட்டு 'இன்னும் சாப்பிடலைங்க, வெறும் வயிறுதான்' என்று தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்குக் கணக்கே கிடையாது. அவர்களுக்கு எழுத்தறிவில் குறையே இல்லை. காபி நம் ஊரில் சாப்பாட்டுக் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

22 நிமிடம் ஓ.பி.யில் யாருக்கு இருக்கிறது? அதனால் டோஃப்லாவுக்கே 1999-இல் குட்டி வடிவம் வந்தது. 2005-இல் இன்னும் சின்னதாக 'நியூவெஸ்ட் வைட்டல் சைன்' வந்தது. நாடி, காய்ச்சல், பிரஷர், மூச்சு பார்ப்பது போல இதையும் பார்த்துவிடலாம் என்பதால் அந்தப் பெயர். ஐஸ்கிரீம் டப்பாவின் சத்து விவர லேபிளைக் கையில் கொடுத்து ஆறு கேள்வி கேட்பார்கள். டப்பா முழுவதையும் சாப்பிட்டால் எத்தனை கலோரி? பென்சிலின், வேர்க்கடலை, ரப்பர் கையுறை, தேனீக்கடி இவை ஒத்துக்கொள்ளாதவர் இதைச் சாப்பிடலாமா? ஏன் கூடாது? சரியான விடை நான்கோ அதற்கு மேலோ இருந்தால் கவலையில்லை, ஒன்றோ பூஜ்யமோ என்றால் சிரமம் இருக்க நல்ல வாய்ப்பு. மூன்று நிமிட வேலை.

நல்ல யோசனைதான். ஆனால் ஜிகர்தண்டா லேபிள் ஒட்டி வருவதில்லை. கலோரி எண்ணிச் சாப்பிடும் பழக்கமே இல்லாத ஒருவர் இந்த ஆறு கேள்வியில் தோற்றால், அவருக்கு மருந்துச் சீட்டு புரியாது என்று முடிவு கட்டலாமா? விழுக்காட்டுக் கணக்குப் போடத் தெரியாவிட்டாலும் எட்டு வருடமாக இன்சுலினைப் பிசகாமல் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே செய்வதானால் ஐஸ்கிரீமுக்குப் பதில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையோ இருமல் சிரப் புட்டியையோ கையில் கொடுத்துக் கேட்பேன்.

இவ்வளவும் வேண்டாம், ஒரே கேள்வி போதும் என்று 2004-இல் ஒரு குழு ஆராய்ந்தது. 'ஆஸ்பத்திரியில் தரும் தாள்களைப் படிக்க எத்தனை தடவை மற்றவர் உதவி தேவைப்படுகிறது?', 'படிவங்களை நீங்களே நிரப்ப எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது?' என்பவை அதில் நன்றாக வேலை செய்த கேள்விகளில் சில. எளிது, அவமானமும் குறைவு. ஆனால் முதல் கேள்வி இங்கே வழுக்கிவிடும் என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் எம்.ஏ. படித்த அப்பாகூட லேப் ரிப்போர்ட்டை மகளிடம்தான் நீட்டுவார். 'எப்போதும் உதவி தேவைப்படுகிறது' என்பது எழுத்தறிவைக் காட்டுகிறதா, பாசத்தைக் காட்டுகிறதா?

வாசிக்கச் சொல்கிற சோதனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு: கண் தெரிய வேண்டும். கண்புரை உள்ளவர் தடுமாறினால் அது எழுத்தறிவுக் குறைவு என்று பதிவாகிவிடும். அதனால் முறையாகச் செய்கிறவர்கள் முதலில் பார்வையைச் சோதிப்பார்கள், பெரிய எழுத்துத் தாள் வைத்திருப்பார்கள். 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனை பதினொரு படுக்கையோடு தொடங்கிய ஊர் இது. கண் மருத்துவம் இந்தத் தலைவலியை எப்போதோ வேறு வழியில் தீர்த்துவிட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கு எப்படிப் பார்வை பார்ப்பது? ஒரே ஆங்கில 'ஈ' எழுத்தை மேல், கீழ், இடம், வலம் என்று திருப்பித் திருப்பி வரைந்த அட்டை. அதன் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையைக் காட்டினால் போதும். உனக்குப் படிக்கத் தெரியுமா என்ற கேள்வியே அங்கே எழாது. நோயாளியை வகைப்படுத்தாமல், யார் வந்தாலும் வேலை செய்கிற மாதிரி அட்டையை மாற்றிவிட்டார்கள்.

எல்லோரையும் சோதிக்கலாமா?

கூடாது என்பதுதான் இப்போது பரவலாக ஏற்கப்படும் பதில். சோதனைகளை உருவாக்கிய அமெரிக்காவிலேயே, வழக்கமான சிகிச்சையில் நோயாளிகளை இப்படி வடிகட்டுவதற்குச் சான்று ஆதரவு இல்லை என்று 2008-இல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். சோதித்ததால் நோயாளிக்கு நன்மை கூடியது என்று காட்ட முடியவில்லை. கூச்சமும் ஒதுக்கலும் வரும் ஆபத்து இருக்கிறது என்பது வாதம். யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. 'குறைந்த எழுத்தறிவு' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால், அடுத்து வருகிற டாக்டர் இன்னும் பொறுமையாக விளக்குவார் என்று யார் உத்தரவாதம் தருவது? 'இவருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது' என்று சுருக்கவும் கூடும்.

அதற்குப் பதிலாக அவர்கள் எடுத்துக்கொண்டது தொற்றுத் தடுப்பிலிருந்து வந்த ஒரு வழி. எய்ட்ஸ் பரவத் தொடங்கிய காலத்தில், யாருடைய இரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று பார்த்துத் தெரியாது என்பதால் எல்லோருக்குமே கையுறை போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது. அதையே இங்கேயும் செய்யலாம், வருகிற எல்லோருக்குமே புரியாமல் போக வாய்ப்புண்டு என்று வைத்துக்கொண்டு பேசலாம் என்றார்கள். அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் ஒன்று 2010-இல் இதற்கென்று ஒரு கையேடே வெளியிட்டது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. புற்றுநோய் என்று அப்போதுதான் கேட்ட பேராசிரியருக்கு அடுத்த பத்து நிமிடம் எதுவும் காதில் ஏறாது. அந்த நேரத்தில் அவருடைய எழுத்தறிவு எவ்வளவு என்று எந்த அட்டை சொல்லும்?

நடைமுறையில் இதன் உயிர்நாடி, சொன்னதைத் திரும்பச் சொல்ல வைப்பது. 'டீச் பேக்' என்பார்கள். நாம் வழக்கமாகக் கேட்பது 'புரிஞ்சுதா?' அதற்கு மதுரையில் ஒரே பதில்தான்: 'புரிஞ்சுதுங்க சார்.' புரியாவிட்டாலும் அதே பதில்தான், ஏனென்றால் பின்னால் வரிசை நிற்கிறது, 'புரியலை' என்பது டாக்டரைக் குறை சொல்வது மாதிரி. டீச் பேக்கில் பழி நம் பக்கம் வந்துவிடும்:

'நான் ஒழுங்கா சொன்னேனான்னு பாக்கணும்மா. வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க.'

'காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.'

'சாப்பிட்டா, சாப்பிடாமலா?'

'சாப்பிடாம… இல்ல, சாப்பிட்டுத்தான?'

'சாப்பிட்டுத்தாம்மா. இட்லி சாப்பிட்ட கையோட போட்டுருங்க. நான்தான் வேகமாச் சொல்லிட்டேன். இப்ப முழுசா ஒரு தடவை சொல்லுங்க.'

முழுசாகச் சரியாக வரும் வரை இந்தச் சுற்று. அரை நிமிடம், ஒரு நிமிடம். இதுவும் ஒரு சோதனைதான். ஆனால் மதிப்பெண் விளக்கியவருக்கு. இவ்வளவு எளிதானதை டாக்டர்கள் செய்கிறார்களா? 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளோடு டாக்டர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். 61 சந்திப்புகளில் 12-இல் மட்டும்தான், புதிதாகச் சொன்ன ஏதாவது ஒன்று நோயாளிக்குப் பதிந்ததா என்று டாக்டர் சரிபார்த்திருந்தார்.

கேட்கும்போது நோயாளியின் நாளையும் கேட்டுவிட வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் மூட்டை இறக்கப் போகிறவருக்கு 'காலை' எப்போது? அவர் எழுந்து நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் முதல் சாப்பாடு. சீட்டில் 1-0-1 என்று எழுதிவிட்டு நாம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் வெறும் வயிற்றில் சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் சோதனைகள் எதற்கு?

ஆராய்ச்சிக்கு வேண்டும். ஒரு வட்டாரத்தில் எத்தனை பேருக்குத் தாள் மூலம் சொல்வது எட்டாது என்று தெரிந்தால்தான், துண்டறிக்கைக்குச் செலவழிப்பதா, நேரில் பேச ஆள் போடுவதா என்று முடிவெடுக்க முடியும். நர்சிங், பார்மசி படிக்கிற பிள்ளைகள் புராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்கிறார்கள் என்றால், கருவியை மொழிபெயர்த்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மாமியாரைச் சோதிக்கும்போது மருமகளை வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள். கண்ணாடி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். 'டெஸ்ட்' என்ற சொல்லைத் தவிர்த்து, எங்கள் தாள்கள் மக்களுக்கு எளிதாக இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல. நெறிமுறைக் குழு அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள்.

நோயாளியை விட்டுவிட்டுத் தாளைச் சோதிப்பது எனக்கு இன்னும் பிடித்த வேலை. ஆங்கிலத்தில் ஒரு பத்தி எந்த வகுப்பு அளவுக்குக் கடினம் என்று சொல்லச் சூத்திரங்கள் உண்டு. நீளமான சொற்கள் எத்தனை என்று எண்ணுவது அதில் ஒரு வழி. தமிழில் 'மருத்துவமனையிலிருந்து' ஒரே சொல், அசைகளோ ஏராளம், பொருளோ குழந்தைக்கும் தெரியும். சூத்திரம் இங்கே படுத்துவிடும். வேறு வழி, தாளை மேலூரிலிருந்தோ வாடிப்பட்டியிலிருந்தோ வரும் ஐந்தாறு பேரிடம் கொடுத்து, என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று கேட்பதுதான். எந்த வரியில் மூன்று பேர் நிற்கிறார்களோ அந்த வரி மாற வேண்டும். 'நீரிழிவு' என்று அச்சிட்ட இடத்தில் 'சுகர்' என்று போட்டால் தமிழ் கெட்டுவிடாது. படங்களையும் இதே மாதிரி காட்டிப் பார்க்க வேண்டும். காலைக்குச் சூரியன் போட்டால், நல்ல வெயில் நேரம், அதாவது மதியம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பாதிச் சூரியனா, சேவலா, இட்லித் தட்டா எது வேலை செய்யும் என்பதைக் காட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கடைசியாக ஒன்று. சோதனைகள் எல்லாம் ஒற்றை ஆளை அளக்கின்றன. நம் வீடுகளில் மாத்திரை போடுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. பாட்டிக்குச் சுகர், மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பேத்தி, வாங்கி வருவது மகன். படிக்கவே தெரியாத பாட்டிக்கு மருந்து ஒரு நாள் தப்பாது. நன்றாகப் படித்த, தனியாக இருக்கும் தாத்தா மறந்துவிடுவார். எனவே கவுண்டரில் நான் முதலில் கேட்பது 'வீட்டுல மாத்திரை எடுத்துக் குடுக்கறது யாரு?' என்பதுதான். அவர் கூட வந்திருந்தால் அவரையே திரும்பச் சொல்லச் சொல்கிறேன். வரவில்லை, மகன் திருப்பூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்துதான் டப்பாவில் பிரித்துப் போடுவான் என்றால், அங்கேயே போனைப் போட்டுக் கொடுக்கச் சொல்லி அவரிடம் பேசிவிடலாம். எழுதுவதையும் அட்டையின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள், தனித் தாள் பஸ்ஸிலேயே தொலைந்துவிடும்.